பழைய காருக்கு ஏபிஎஸ் பொருத்தலாமா?

பிரேக்கைத் திடீரென அழுத்தும்போது சக்கரம் சுழலாமல் சறுக்கத் தொடங்கினால், ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் கார் திரும்பாது. சக்கரம் அவ்வாறு பூட்டிக்கொள்ளாதபடி நொடிக்குப் பல முறை பிரேக் அழுத்தத்தைத் தளர்த்தி மீண்டும் கூட்டுவதே ஏபிஎஸ் அமைப்பின் பணியாகும். இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் புதிய கார்களில் இது கட்டாயமாகிவிட்டதால், மாருதி 800 போன்ற பழைய கார்களை வைத்திருப்போர் இதைத் தனியே பொருத்த விரும்புவது இயல்பே.

ஆயினும் அது பரிந்துரைக்கத்தக்கதன்று. சக்கரத்தின் வேகத்தை அளக்கும் சென்சார், அதற்கான பல்வளையம், பிரேக் ஆயிலின் அழுத்தத்தை மாற்றும் வால்வுத் தொகுதி, அந்தக் காரின் எடைக்கும் அமைப்புக்கும் ஏற்ப நிரல் எழுதப்பட்ட கட்டுப்பாட்டுப் பெட்டி ஆகிய அனைத்தும் ஒன்றோடொன்று இசைய வேண்டும். அதே மாடலில் ஏபிஎஸ் கொண்ட வகை விற்கப்பட்டிருந்தால் மட்டுமே அதன் பாகங்களை முழுமையாக மாற்றிப் பொருத்துவது குறித்து எண்ணலாம், அப்போதும் வாகன மாற்றங்களைக் கட்டுப்படுத்தும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை முன்னிட்டு ஆர்டிஓ அலுவலகத்தில் முதலில் கேட்டறிய வேண்டும். பிரேக் குழாயில் திருகிப் பொருத்தும் சிறு உருளையை ஏபிஎஸ் என்று விற்றால் வாங்கவே கூடாது. சக்கரம் பூட்டிக்கொண்டதை உணரும் சென்சார் அதில் இல்லை.

அந்தப் பணத்தை டயருக்கும் பிரேக்குக்கும் செலவிடுவதே மேல். டயர் பள்ளத்தின் அடியிலுள்ள தேய்மானக் குறி, அதாவது 1.6 மில்லிமீட்டர் உயர மேடு, மேற்பரப்போடு சமமாவதற்கு முன்பே டயரை மாற்றிவிட வேண்டும்; காற்றின் ஈரத்தை ஈர்த்துக்கொள்ளும் பிரேக் ஆயிலை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றாவிட்டால், மலைச்சாலை இறக்கத்தில் அது சூடேறிக் கொதித்து, பிரேக் பிடிக்காமலேயே பெடல் உள்ளே அமிழ்ந்துவிடக்கூடும். சக்கரம் சறுக்குவதாகத் தெரிந்தால் பெடலைச் சற்றே தளர்த்தி, அது உருளத் தொடங்கியதும் மறுபடி அழுத்த வேண்டும்.