இன்னொரு இடத்திலும் தெரிந்தால்

ஸ்கேனில் இரண்டாவது இடத்திலும் கட்டி என்றதும் வீட்டார் கேட்பது, "பரவிடுச்சா டாக்டர்?" புதிதாகச் சேரும் டாக்டர்களும் மனசுக்குள் அப்படித்தான் முடிவு கட்டுகிறார்கள். அந்த இடத்திலும் சதை எடுத்துப் பார்க்காமல் நான் பதில் சொல்வதில்லை. பரவல் என்று எழுதிவிட்டால் அவர் நான்காம் நிலை நோயாளி; பெரும்பாலும் குணமாக்கும் பேச்சே நின்றுபோகும். தனித்தனியாக முளைத்த இரண்டு ஆரம்பநிலைப் புற்றுகள் என்றாலோ, இரண்டையுமே குணப்படுத்த வழி இருக்கலாம். 1932இல் வாரனும் கேட்ஸும் வகுத்த அளவுகோல்தான் இன்றைக்கும் அடிப்படை: இரண்டும் புற்று, இரண்டும் வெவ்வேறு, ஒன்று மற்றதன் பரவல் இல்லை.

நம் பக்கம் வாய், தொண்டைப் புற்றுக்காரர்களிடம் இதை எதிர்பார்த்தே இருக்க வேண்டும். பீடி, புகையிலை, சாராயம் மூன்றும் வாயிலிருந்து உணவுக்குழாய்வரை அதே பாதையைத்தான் கெடுக்கின்றன. நாக்குப் புண்ணோடு வந்தவர் "சோறு இறங்க மாட்டேங்குது" என்றால், எண்டோஸ்கோபி பார்க்காமல் ஆபரேஷனுக்குத் தேதி கொடுக்காதீர்கள். பெருங்குடலும் கர்ப்பப்பையும் சேர்ந்து வந்தால் லிஞ்ச் சிண்ட்ரோம், மார்பகமும் சினைப்பையும் என்றால் பிஆர்சிஏ மரபணு என்று சந்தேகிக்க வேண்டும். இவை பரம்பரையாக வரக்கூடியவை என்பதால் கூடப்பிறந்தவர்களையும் விசாரிக்க வேண்டும்.

அப்புறம்தான் கஷ்டமான கேள்வி: எதை முதலில் கவனிப்பது? முதலில் கண்டுபிடித்ததையோ பெரியதையோ அல்ல, சீக்கிரம் உயிருக்கு உலை வைப்பதை. தைராய்டில் சின்ன பாப்பிலரி புற்று பல மாதம் பொறுக்கும்; நுரையீரல் புற்று பொறுக்காது. ஹார்மோனுக்குக் கட்டுப்படும் மார்பகப் புற்றை மாத்திரையில் நிறுத்திவைத்து மற்றதைப் பார்க்கலாம். கார்போபிளாட்டினும் பாக்லிடாக்செலும் நுரையீரலுக்கும் கேட்கும், சினைப்பைக்கும் கேட்கும். அப்படி ஒரே மருந்து அமைந்தால் பாதி பாரம் குறையும். கதிர்வீச்சில்தான் எனக்குப் பயம் அதிகம். தொண்டைக்கும் மேல் உணவுக்குழாய்க்கும் தனித்தனியே திட்டம் போட்டால், நடுவில் தண்டுவடம் இரண்டு கணக்கையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும். எல்லா டாக்டர்களும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசாமல் தொடங்கவே கூடாது.

வீட்டாரிடம் பேசுவது மட்டும் ஒரே டாக்டராக இருக்கட்டும். ஆளுக்கொன்று சொன்னால் அவர்கள் நாட்டு வைத்தியரைத் தேடிப் போவார்கள்; அதில் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஃபைல் ஒன்றே போதும். பயாப்ஸி ரிப்போர்ட், பிளாக், ஸ்லைடு மட்டும் இரண்டு இடத்துக்கும் தனித்தனியாகக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்தச் சொல்வேன். பின்னால் கல்லீரலில் ஒரு புள்ளி தெரிந்தால், எந்தப் புற்றிலிருந்து வந்தது என்று ஒப்பிட அந்தப் பிளாக்குகள் வேண்டும்.