இலகுவான ஊர்தி

பாரம் மிகுந்தால் அச்சு முறியும் என்பதை உழவரும் வண்டிக்காரரும் பண்டுதொட்டே அறிவர். திருவள்ளுவனாரும் வலியறிதல் என்னும் அதிகாரத்தில் மயிற்றோகை ஏற்றிய வண்டியை எடுத்துக்காட்டி, எத்துணை மெல்லிய பொருளாயினும் அளவு கடந்து ஏற்றின் அச்சுக்குக் கேடு வரும் என்பதை உணர்த்தினார். அப்பாடத்தை வகுப்பில் உரையுடன் ஓதியபொழுது, அதனை நன்கு அறிந்துவிட்டோம் என்றே யாம் எண்ணியிருந்தோம். அஃது எத்துணைப் பிழையான எண்ணம் என்பதைச் சிறுவர் விளையாடும் கட்டைகளால் ஆகிய ஒரு சிறு வண்டி எமக்குக் கற்பித்தது. அவ்வண்டியை அமைக்கும் முறையையும், அதனால் யாம் பெற்ற பாடத்தையும் ஈண்டு எழுதுவாம்.

முதற்கண் கட்டைகளின் வரலாறு சிறிது அறியற்பாலது. டென்மார்க்கு நாட்டிலே பில்லுண்டு என்னும் சிற்றூரில் ஓலே கிர்க் கிறிஸ்தியான்சன் என்னும் தச்சர் ஒருவர் இருந்தார். உலகெங்கும் வாணிகம் தளர்ந்த 1932-ஆம் ஆண்டில் அவர் மரத்தால் விளையாட்டுப் பொருள்கள் செய்யத் தொடங்கினார். ‘நன்றாய் விளையாடு’ எனப் பொருள்படும் இரண்டு டேனியச் சொற்களைச் சுருக்கி, தம் தொழிற்சாலைக்கு ‘லெகோ’ என்று பெயரிட்டார். ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் பிளாஸ்டிக் கட்டைகள் 1949-இல் வெளிவந்தன. எனினும் மேலே குமிழும் உள்ளே குழலும் உடைய இன்றைய வடிவத்திற்கு உரிமை வேண்டி அவர் மகனார் கோட்பிரெட் விண்ணப்பித்தது 1958-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 28-ஆம் நாளிலேயாம். அன்று செய்த கட்டையும் இன்று செய்யும் கட்டையும் ஒன்றோடொன்று பொருந்தும். பற்சக்கரமும் அச்சும் துளையிட்ட சட்டங்களும் கொண்ட ‘டெக்னிக்’ வகை 1977-இல் தோன்றியது. அதன் பின்னரே இக்கட்டைகள் இயந்திரவியல் பயிற்றும் கருவிகளும் ஆயின.

நிற்க. இவற்றின் அளவு ஒழுங்கே இவற்றின் உயிர் எனலாம். குமிழுக்கும் குமிழுக்கும் இடையே உள்ள தொலைவு 8 மில்லிமீட்டர். சட்டங்களின் துளைகளுக்கிடையே உள்ள தொலைவும் அதுவே. 8 பற்கள் உடைய சக்கரத்தின் ஆரம் 4 மில்லிமீட்டர். 24 பற்கள் உடையதன் ஆரம் 12 மில்லிமீட்டர். இரண்டும் கூட 16 ஆதலின், இரண்டு துளை தள்ளி அச்சுகளைச் செருகினால் இரண்டு சக்கரங்களும் செவ்வனே கவ்விக்கொள்ளும். 16 பற்கள் உடைய சக்கரத்தின் ஆரம் 8 மில்லிமீட்டர் ஆதலின், அத்தகைய இரண்டும் அதே தொலைவிற் பொருந்தும். இதனை மாணவர் நினைவிற் கொள்க, பின்னர்ப் பயன்படும்.

இனி, தொலைவிலிருந்து இயக்கும் முறையைக் கூறுவாம். யாம் கையாண்டது 2007-இல் வெளிவந்த ‘பவர் பங்ஷன்ஸ்’ என்னும் வகை. கையிலுள்ள கருவி கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புக் கதிரை விடுக்கும். வண்டியிலுள்ள ஏற்பி அதனை உணர்ந்து, தன் இரண்டு வாயில்களின் வழியே இரண்டு மோட்டார்களுக்கு மின்னோட்டத்தை அனுப்பும். கருவியின் நெம்புகோல்களும் இரண்டே. ஒன்று ஒரு மோட்டாரையும் மற்றொன்று மற்றதையும் ஆளும். கதிர் நேரே சென்று படவேண்டும் என்பதும், கடும் வெயிலில் அது மங்கிப்போகும் என்பதும் இம்முறையின் குறைகள். 2018-இல் வெளிவந்த புகைவண்டித் தொகுதிகள் புளூடூத் அலையைக் கையாளுதலின் அவற்றிற்கு அக்குறை இல்லை.

யாம் வண்டி கட்டியது ஓய்வுநாட் பள்ளிச் சிறுவர்பொருட்டு. கிறிஸ்து பிறந்த திருநாளை ஒட்டிய கூட்டத்தில், பலகையைச் சாய்த்து அமைத்த ஒரு மேட்டின்மீது வண்டி தானே ஏறிச்செல்லும் என்று அவர்களுக்கு வாக்களித்திருந்தோம். நண்பர் ஒருவர் தம் கட்டைப் பெட்டியை உவந்து அளித்தார். யாம் அழகிலே கருத்தூன்றி, கதவும் கூரையும் விளக்கும் பின்பெட்டியும் அமைத்து, 150 கட்டைகள் வரை அடுக்கினோம். ஒரு மோட்டார் பின்னுருளைகளை ஓட்டவும், மற்றொன்று முன்னுருளைகளைத் திருப்பவும் செய்தோம். விரைவை விரும்பி, 16 பற்சக்கரம் இரண்டினையே இணைத்தோம். சமநிலத்தில் வண்டி ஒருவாறு ஊர்ந்தது. மேட்டின் பாதியில் நின்றது, மோட்டார் முனகியது, பின்னச்சு வளைந்து பற்கள் நழுவிக் கடகடத்தன. முன்வரிசையில் இருந்த சிறுமி ஒருத்தி, “அண்ணா, வண்டிக்கு மூச்சு வாங்குகிறதே!” என்றாள். யாவரும் நகைத்தனர். எமக்கு நகைப்பு வரவில்லை. அடுத்த ஞாயிறன்று ஏறும் என்று மட்டும் சொல்லி வந்தோம்.

அன்றிரவு விடுதியில் மூன்று வழிகள் எம்முன் நின்றன. பெரிய மோட்டார் வாங்குதல் ஒன்று. ஆயின் சிறிய மோட்டாரின் எடை ஏறக்குறைய 31 கிராம். பெரியதன் எடையோ 69 கிராம். பெரியது மின்னோட்டத்தையும் மிகுதியாய் வேண்டும். அதற்கு மின்கலம் மிகவேண்டும். மின்கலம் மிகின் எடை மிகும். எடை மிகின் மோட்டார் மீண்டும் போதாது. செக்கு மாட்டைப்போல இவ்வழி தொடங்கிய இடத்திற்கே வந்து சேரும். பற்சக்கரத்தை மாற்றுதல் இரண்டாவது வழி. 8 பற்சக்கரம் 24 பற்சக்கரத்தைச் சுழற்றினால் திருப்பு விசை ஏறக்குறைய மும்மடங்காகும். விரைவோ மூன்றில் ஒரு பங்காய்க் குறையும். வண்டி மேட்டில் ஏறும். ஆனால் நத்தைபோல் ஏறும். மூன்றாவது வழி சுமையைக் குறைத்தல். அதுவே எமக்கு எல்லாவற்றினும் கடினமாய்த் தோன்றியது. என்னை? குறைக்கவேண்டியவை யாவும் யாம் விரும்பி அடுக்கியவையே ஆதலின் என்க.

தராசில் இட்டு நோக்கினோம். வண்டி ஏறக்குறைய 700 கிராம் இருந்தது. குமிழ் எட்டு உடைய கட்டை ஒன்றின் எடை ஏறக்குறைய 2.3 கிராம்; ஆகவே 150 கட்டைகளின் எடை 345 கிராம். வண்டியின் பாதி எடை வெறும் அணிகலனே! பெரிய மின்கலம் ஆறும் சேர்ந்து 138 கிராம். ஓட்டும் மோட்டார் ஒன்று, ஓட்டப்படும் சுமை இத்துணை என்பதைக் கண்டு வெட்கினோம்.

மறுமுறை கட்டிய வகை வருமாறு:

முதலாவது, கட்டைகளை நீக்கி, துளையிட்ட சட்டங்களால் ஏணிபோன்ற ஒரு சட்டகம் மட்டும் அமைத்தோம். நீண்ட சட்டங்கள் இரண்டு, குறுக்கே மூன்று. வளையாமைக்கு மூலைதோறும் இரண்டிரண்டு ஆணிகள். ஓராணி மட்டும் இருப்பின் அது கீல்போலத் திரும்பிவிடும்.

இரண்டாவது, திருப்பும் பொறியை அறவே விடுத்தோம். இடப்பின்னுருளைக்கு ஒரு மோட்டார், வலப்பின்னுருளைக்கு ஒரு மோட்டார் என வைத்து, முன்னே எப்பக்கமும் திரும்பும் ஒற்றை உருளையை அமைத்தோம். இரண்டும் ஒருங்கே சுழலின் வண்டி நேரே செல்லும். ஒன்று நிற்பின் அப்பக்கம் திரும்பும். மோட்டார்கள் எதிரெதிராய் நிற்றலின் ஒன்று பின்னோக்கிச் சுழலும். கைக்கருவியிலுள்ள சிறு பொத்தானால் அதன் திசையை மாற்றிக்கொள்க. இங்ஙனம் எடை கூடாமலே இழுப்போர் இருவர் ஆயினர்.

மூன்றாவது, பெரிய மின்கலங்களுக்கு மாறாகச் சிறியவற்றை இட்டோம். இவையும் ஆறே, மின்னழுத்தமும் அதே 9 வோல்ட்டே, எடையோ 70 கிராம் அளவிற்று. பெட்டியைப் பின்னச்சுக்குச் சற்று முன்னே வைத்தோம். பின்னே வைத்தால் மேட்டில் வண்டி மல்லாந்துவிடும். மிக முன்னே வைத்தால் பின்னுருளைகளுக்குப் பிடிப்பு இராது.

நான்காவது, ஒவ்வோர் அச்சையும் இரண்டு பக்கமும் சட்டம் தாங்குமாறு செய்தோம். ஒருபுறமே தாங்கிய அச்சு வளையும். வளைந்த அச்சில் பற்கள் நழுவும். அச்சின் காப்பு வளையத்திற்கும் சட்டத்திற்கும் இடையே ஒரு தாளின் கனம் இடைவெளி விடுக. மோட்டாரைப் பொருத்துமுன் உருளையை விரலால் சுழற்றிப் பார்க்க. தானே பலமுறை சுழன்று நிற்குமாயின் நன்று. உடனே நிற்குமாயின் எங்கோ உராய்வு உளது.

இவ்வண்டி 300 கிராம் அளவே நின்றது. 16 பற்சக்கரங்களை மாற்றாமலே ஓட்டினோம். சுமையின்றி நிமிடத்திற்கு ஏறக்குறைய 400 முறை சுழலும் மோட்டார், 43 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளையைச் சுழற்றின், கணக்கின்படி நிமிடத்தில் 54 மீட்டர் செல்லவேண்டும். சுமையாலும் உராய்வாலும் அதிற் சிறிது குறையும். எம் வண்டி போதாமல் நின்றிருப்பின், அதே துளைகளில் 8-உம் 24-உமாகிய சக்கரங்களை மாற்றியிருக்கலாம். முன்னர் நினைவிற் கொள்ளுமாறு கூறியது இதன்பொருட்டே. அதற்குத் தேவை நேரவில்லை.

ஆதாயம் விலையின்றி வந்ததன்று. சிறிய மின்கலம் விரைவில் தீரும். பெரியது ஓடும் நேரத்தில் ஏறத்தாழப் பாதியே ஓடும். வண்டிக்குக் கதவில்லை, கூரையில்லை, விளக்கில்லை, எலும்புக்கூடுபோல் இருந்தது. அதனைக் கண்டால் சிறுவர் முகம் வாடுமோ என்று அஞ்சியே அடுத்த ஞாயிறன்று கொண்டுசென்றோம். வண்டி பலகையடியில் ஒரு நொடி நின்று, பின்பு தயங்காது ஏறி, உச்சியைக் கடந்து மறுபுறம் இறங்கியது. கதவு எங்கே என்று ஒருவரும் வினவவில்லை. முன்னர்ப் பேசிய அச்சிறுமி மட்டும், “இப்போது மூச்சு வாங்கவில்லை” என்று சொல்லி, நெம்புகோலைத் தன் கையில் தருமாறு கேட்டாள்.

கிதியோனிடம் திரண்ட முப்பத்தீராயிரவரைக் கடவுள் முந்நூற்றுவராகக் குறைத்த வரலாற்றை அவ்வகுப்பிற் பலமுறை கற்பித்துள்ளோம். பிறர்க்குக் கற்பித்ததை எம் கைகள் கற்க ஒரு வண்டி நிற்கவேண்டியிருந்தது. வண்டி கட்டப் புகும் தம்பியர் தங்கையர்க்கு யாம் சொல்வது இதுவே: ஆற்றல் போதாதென்று தோன்றும்பொழுது, பெரிய மோட்டாரைத் தேடுமுன் தராசைத் தேடுக.