விதைநெல்லும் ஒரு பாடநூல்
(ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளுடன் செய்து பார்க்கும் விஞ்ஞானம்)

"விதை முளைப்பதற்கு நீர், காற்று, இளஞ்சூடு ஆகிய மூன்றும் வேண்டும்."

நாம் படிப்பித்த நான்காம் வகுப்பில் இந்த வாக்கியம் தெரியாத பிள்ளை இல்லை. கரும்பலகையில் எழுதிப் போட்டோம். பிள்ளைகள் கொப்பியில் எழுதினார்கள். கேட்டால் ஒரே குரலில் ஒப்புவித்தார்கள். வகுப்பு நடந்தது ஒரு தறப்பாள் கொட்டிலில். பிள்ளைகள் அனைவரும் வயலையும் வீட்டையும் விட்டுவந்த கமக்காரக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள்.

ஒருநாள் மூன்று வெற்றுப் போத்தல்களில் பயறு போட்டு வைத்தோம். முதலாவதில் காய்ந்த பயறு. இரண்டாவதில் ஈரத்துணியின் மேல் பயறு. மூன்றாவதில் பயற்றைப் போட்டுப் போத்தல் நிறையத் தண்ணீர் ஊற்றினோம். நாலாம் நாள் ஈரத்துணியில் கிடந்த பயறு மட்டும் நன்றாக முளைத்திருந்தது. தண்ணீருக்குள் கிடந்தது ஊதி, தோல் வெடித்து, நாறியது. "ஏன் இப்படி?" என்று கேட்டோம். ஒப்புவித்த வாய்கள் எல்லாம் மூடிக்கொண்டன. பின்வாங்கில் இருந்த சிறுமி ஒருத்திதான் சொன்னாள்: "அதுக்கு மூச்சு முட்டிப்போச்சு."

எமக்குப் பெரிய மகிழ்ச்சி. "சரியாகச் சொன்னாய். ஆகவே எந்த விதையும் தண்ணீருக்குள் முளைக்காது" என்று பாடத்தை முடிக்கப் பார்த்தோம். அவள் விடவில்லை. "இல்லை ரீச்சர், நெல்லு முளைக்கும்" என்றாள். "சரி பிள்ளை, இரு" என்று அவளை அமர்த்திவிட்டோம். அடுத்தநாள் காலையில் அவள் ஒரு பிடி நெல்லைத் துணியில் முடிந்துகொண்டு வந்து மேசையில் வைத்தாள்.

அவள் சொன்னதே சரி. போத்தலின் அடியில் தண்ணீருக்குள் கிடந்த நெல் சில நாட்களில் மெல்லிய வெள்ளை முளையை மேல்நோக்கி நீட்டியது. ஆனால் வேரைக் காணவில்லை. அதே நெல் ஈரச்சாக்கில் வேரும் முளையுமாக நின்றது. காற்றுக் குறைந்த நீருக்குள்ளும் முளையை நீட்டும் ஆற்றல் நெல்லுக்கு உண்டு. மிகப் பல பயிர்களுக்கு அது இல்லை. நெல்லுக்கும்கூட வேர் நன்றாக இறங்கக் காற்று வேண்டும்.

அவளுடைய தகப்பனாரை வகுப்புக்கு அழைத்தோம். கூச்சத்தோடு வந்தவர் பிள்ளைகளுக்குச் சொன்னார்: "ஒரு நாள் ஊறப்போட்டு, தண்ணியை வடியவிட்டு, சாக்காலை மூடி ரெண்டு நாள் வைக்கிறனாங்கள். தண்ணிக்குள்ளேயே விட்டால் வேர் வராது." எமது மூன்று போத்தல்களும் காட்டியதை அவர் இளமை முதல் தன் கையால் செய்துவந்திருக்கிறார். அன்று பிழையாகச் சொன்னவர்கள் நாம். எம்மைத் திருத்தியது ஒரு பிடி நெல்.

இதுவே செய்து கற்றல். ஆசிரியர் சொல்வதைப் பிள்ளை நம்புவது விஞ்ஞானம் ஆகாது. பார்த்து, தொட்டு, எண்ணி, "நான் கண்டது இது" என்று சொல்லப் பழகுவதே அதன் தொடக்கம்.

ஆய்வுகூடம் இல்லையே?

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பல நாடுகளில் பாடசாலைகள் இடிந்து கிடந்தன. 1948 இல் யுனெஸ்கோ நிறுவனம், போரால் பாழான நாடுகளின் விஞ்ஞான ஆசிரியர்களுக்கென்றே ஒரு நூலை வெளியிட்டது. கையில் கிடைக்கும் எளிய பொருட்களைக்கொண்டு கருவிகள் செய்வதையும் சோதனை நடத்துவதையும் அது காட்டியது. அதிலிருந்து வளர்ந்த பெரிய மூலநூல் 1956 இல் வெளிவந்து, பல மொழிகளில் பல நாடுகளுக்கும் சென்றது. இழப்பின் நடுவே பிறந்த வழி இது.

எமது மண்ணிலும் 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்த பின்னர், மரநிழலில் வகுப்புகள் நடந்ததை நாம் அறிவோம். 1999 முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தமும் சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகளுக்குப் பாடவேளையில் இடம் தந்தது. எனவே கீழே உள்ளவை பாடத்துக்கு வெளியே செய்யும் விளையாட்டுகள் அல்ல.

செய்து பார்ப்போம் 1: நூறு விதைச் சோதனை

1. விதைச்சாக்கின் மேல், நடு, அடி ஆகிய மூன்று இடங்களிலிருந்தும் விதை எடுத்துக் கலக்கவும்.
2. அதிலிருந்து 100 விதைகளை எண்ணவும். நல்லதாகப் பார்த்துப் பொறுக்கக்கூடாது. பிள்ளைகள் பொறுக்கத்தான் பார்ப்பார்கள். ஏன் கூடாது என்பதை அவர்களிடமே கேட்கவும்.
3. ஈரமான சாக்குத் துண்டில் பத்துப் பத்தாகப் பத்து வரிசையில் பரப்பி, சுருட்டி, நிழலில் வைக்கவும்.
4. காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்கவும். ஈரம் இருக்கவேண்டும், தண்ணீர் தேங்கக்கூடாது.
5. பயறு, கௌபி என்றால் நாலாம் ஐந்தாம் நாளிலும், நெல் என்றால் ஏழாம் நாளிலும் விரித்து, வேரும் முளையும் நன்றாக வந்தவற்றை மட்டும் எண்ணவும்.

நூறில் 80 இற்கு மேல் முளைத்தால் விதைக்கலாம். மிகவும் குறைந்தால் யோசிக்கவேண்டும். அறுவடை செய்து சில கிழமைகளே ஆன புதுநெல் சிலவேளை உறக்கத்தில் இருக்கும். அதைக் கெட்ட விதை என்று தள்ளாமல், சிறிது காலம் விட்டு மீண்டும் சோதிக்கவும்.

முன்னே சொன்ன சிறுமி இந்தச் சோதனையைத் தன் வீட்டு விதைநெல்லில் செய்தாள். அந்த நெல் மாரி முழுவதும் கொட்டிலின் மண் தரையில் கிடந்த சாக்கு. காலபோகத்துக்கு ஒரு துண்டுக் குத்தகைக் காணி கிடைத்திருந்தது. குடும்பத்தின் நம்பிக்கை முழுவதும் அந்தச் சாக்கில்தான். நூறில் 46 மட்டுமே முளைத்தது. தகப்பனார் நம்பவில்லை. சாக்கின் மறுபக்கத்தில் எடுத்துத் தானே எண்ணி வைத்தார். 49 வந்தது.

வழக்கமாக ஏக்கருக்கு இரண்டு புசல் விதைப்பவர், இந்த நெல்லை விதைப்பதானால் ஏறத்தாழ மூன்றரைப் புசல் போடவேண்டும். அப்படிப் போட்டாலும் சோர்ந்த விதையில் சோர்ந்த நாற்றுத்தான் வரும். அவர்கள் அந்த நெல்லை அவித்துக் குத்திச் சோற்றுக்கு எடுத்துக்கொண்டு, விதைக்கு வேறு நெல்லைக் கைமாறாக வாங்கினார்கள். விதைத்து, உழவுக்கும் பசளைக்கும் கடன்பட்ட பிறகு அறிந்திருந்தால் அந்த ஆண்டே போயிருக்கும். ஒரு நான்காம் வகுப்புப் பிள்ளையின் எண்ணிக்கை அதைத் தடுத்தது.

செய்து பார்ப்போம் 2: போத்தலில் மண்

ஒரு கண்ணாடிப் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு மண் போட்டு, தண்ணீர் நிரப்பி, மூடி நன்றாகக் குலுக்கி அசையாமல் வைக்கவும். மணல் ஓரிரு நிமிடத்தில் அடியில் படியும். வண்டல் சில மணித்தியாலங்களில் படியும். களி அடுத்தநாள் வரையும் நீரைக் கலக்கி வைத்திருக்கும். இலை, வேர்த் துணுக்குகள் மேலே மிதக்கும். ஒவ்வொரு படையையும் அடிமட்டத்தால் அளந்து எழுதவும்.

பின்னர் அடியில் துளையிட்ட இரண்டு பேணிகளில் இரு வகை மண்ணை ஒரே அளவில் போட்டு, ஒரே அளவு தண்ணீர் ஊற்றி, எதிலிருந்து கூடுதலாக வடிகிறது என்று பார்க்கவும். ஊரில் செம்மண்ணில் இறைத்துப் பயிர் செய்த குடும்பம், புதிய இடத்து மண்ணை "இது உதவாத மண்" என்று தள்ளிவிடலாம். அது உதவாததா, வேறு வகையானதா, எத்தனை நாளுக்கு ஒருமுறை இறைக்கவேண்டும் என்பதைப் பேணி காட்டத் தொடங்கும்.

செய்து பார்ப்போம் 3: மழையை அளத்தல்

பக்கங்கள் நேரான ஒரு வெற்றுப் பால்மாப் பேணியை வெளியான இடத்தில், சரியாதபடி கல் அணைத்து வைக்கவும். ஒவ்வொரு நாளும் காலையில் ஒரே நேரத்தில், விழுந்த நீரின் உயரத்தை மில்லிமீற்றரில் அளந்து எழுதி, ஊற்றிவிடவும்.

ஒரு சதுர மீற்றர் பரப்பில் 1 மில்லிமீற்றர் மழை பெய்தால் அது 1 லீற்றர் தண்ணீர். பத்தடிக்குப் பத்தடிக் கூரையில் 10 மில்லிமீற்றர் மழை பெய்தால் 90 லீற்றருக்கு மேல் விழும். இதை ஐந்தாம் வகுப்புக் கணக்காகக் கொடுத்தோம். கணக்கு முடிந்த மாலையே பீலி கட்டி வாளி வைத்த வீடுகள் உண்டு.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

"பிள்ளை பள்ளிக்கூடத்தில் மண் விளையாடுது, புலமைப்பரிசில் பரீட்சைக்கு என்ன செய்யும்?" என்று சில தாய்மார் எம்மிடம் கேட்டதுண்டு. நியாயமான கேள்வி. எண்ணவும், அளக்கவும், அட்டவணை எழுதவும், காரணம் சொல்லவும் கையால் பழகிய பிள்ளை வினாத்தாளைக் கண்டு மிரளாது என்பதே எமது மறுமொழி. வாசிக்கவும் எழுதவும் பின்தங்கிய பிள்ளைகூடச் சிரட்டைக்கு முன்னே பின்தங்குவதில்லை. பாடசாலை மாறி மாறி ஆண்டுகளை இழந்த பிள்ளைக்கு அந்த மதிப்பு பெரிது.

நீங்கள் எழுத்தறிவு குறைந்தவராக இருக்கலாம். ஆனால் எந்த மேகம் பெய்யும், எந்த மண் வெடிக்கும் என்பதை அறிவீர்கள். பிள்ளை கேட்டால் உடனே விடை சொல்லிவிடாதீர்கள். "நீ என்ன நினைக்கிறாய்? வைத்துப் பார்ப்போமே" என்று சொல்லுங்கள்.

கவனிக்க வேண்டியவை

- பொருள் தேடப் பிள்ளைகளைத் தனியே பற்றைக்குள்ளோ, ஆள் புழங்காத காணிக்குள்ளோ அனுப்பக்கூடாது. அறியாத உலோகப் பொருளைத் தொடாமல் பெரியவரிடம் சொல்லப் பழக்கவேண்டும்.
- கிருமிநாசினிப் போத்தல், பேணி எதையும் எடுக்கக்கூடாது. மருந்து பூசிய விதையைப் பிள்ளைகள் கையில் கொடுக்கக்கூடாது.
- மழைப் பேணியில் தண்ணீர் நாட்கணக்கில் நின்றால் நுளம்பு பெருகும். நாள்தோறும் ஊற்றவேண்டும்.
- மண்ணைத் தொட்டபின் சவர்க்காரமிட்டுக் கை கழுவவேண்டும்.

கூடிப் பேசுவதற்கு

1. எமது வீட்டில் உள்ள விதையை எங்கே வைத்திருக்கிறோம்? தரையில் இருந்து உயர்த்தி வைக்க என்ன வழி?
2. பிள்ளை எம்மைத் திருத்தினால் எப்படி நடந்துகொள்கிறோம்?
3. எமது பாடசாலைக்குச் சென்று ஒரு மணித்தியாலம் பிள்ளைகளுக்குக் காட்டக்கூடிய தொழில் யார் யாரிடம் இருக்கிறது?

காணியை விட்டுவரலாம், கலப்பையை விட்டுவரலாம். விதையைப் பார்த்து நல்லது கெட்டது சொல்லும் அறிவு கூடவே வந்திருக்கிறது. அது பிள்ளையின் கைக்குப் போய்ச் சேரவேண்டும். இன்று மாலையே நூறு விதையை எண்ணத் தொடங்குவோம்.