உளவாளி எழுதினால் உண்மையாகுமா?

“உளவுத்துறையில் இருந்தவரே எழுதிய நாவல், வாப்பா. எல்லாம் உண்மை” என்றேன். “அப்ப, அவருக்கு இரகசியம் காக்கிற கடமை இல்லையா மகள்?” என்று கேட்டார். பதில் தேடினேன்.

இயன் பிளெமிங் இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியக் கடற்படை உளவுப் பிரிவில் பணியாற்றியவர். 1953இல் வெளிவந்த அவரது முதல் நாவலின் நாயகன் ஜேம்ஸ் பொண்ட், துணிச்சலான வீரன். ஜோன் லெ காரே என்ற புனைபெயரில் எழுதிய டேவிட் கோர்ன்வெல்லும் உளவுத்துறையில் இருந்தவரே. 1963இல் வெளிவந்த அவரது நாவலிலோ, நாயகன் லீமாஸ் சொந்தத் தரப்பினராலேயே ஏமாற்றப்பட்டு, பெர்லின் சுவரருகே உயிரிழக்கிறான்.

தொழில் ஒன்று, காட்டிய உலகங்கள் இரண்டு. ஆகவே, எழுதியவரின் பதவி கதைக்குச் சாட்சியாகாது. இப்போது நான் “இது நடந்ததா?” என்று கேட்பதில்லை. “பொய்யையே தொழிலாக்கிய மனிதன் எதை இழக்கிறான்?” என்றே கேட்டு வாசிக்கிறேன்.