யாழும் பாட்டும்

நம் உபாசகர் இல்லத்து இளைஞர் சிலர் மெல்லிசைக் குழு நடத்தி வருகின்றனர். 2001ஆம் ஆண்டு சுரங்கம் மூடப்பட்ட பின்னர், கோலார் தங்கவயலிலிருந்து பலர் அன்றாடம் பெங்களூருக்கு ரயிலேறிச் சென்று பிழைத்து வருகின்றனர். அவ்வாறு வாரமெல்லாம் உழைத்தோர் ஞாயிறன்று திருமண வீடுகளில் திரைப்பாடல் பாடி மகிழ்வது சீலத்திற்குக் குற்றமோ எனச் சிலர் வினவுகின்றனர். குற்றமன்று. ஆடல் பாடலைத் தவிர்த்தல் உபோசத நாளில் எட்டுச் சீலம் ஏற்றோர்க்கு உரியது. பஞ்ச சீலத்தில் அது இல்லை. கேட்கத்தக்க கேள்வி வேறொன்று. ஒருவரோடொருவர் ஒவ்வாத குழுவில் அம்மகிழ்ச்சியைக் காப்பது எங்ஙனம்?

பகவன் இந்திரசால குகையில் தங்கியிருந்தபோது, பஞ்சசிகன் என்னும் கந்தர்வன் யாழ் மீட்டிப் பாடினான் எனச் சக்கபஞ்ஹ சூத்திரம் கூறுகின்றது. பாடியதோ காதற்பாட்டு! பகவன் அதில் குறை காணவில்லை. யாழொலி பாட்டை மீறவில்லை, பாட்டும் யாழொலியை மீறவில்லை என்றே பாராட்டினார். நம் வாத்தியக்காரர்கள் இதனை ஊன்றிச் சிந்தித்தல் வேண்டும். மேடையில் நிகழ்வது யாது? கீபோர்டுக்காரர் தம் ஒலியைச் சற்றே கூட்டுவார். அது கண்டு கிட்டார்க்காரரும் கூட்டுவார். டிரம்ஸ் அடிப்பவர் கை ஓங்கும். பாடுகின்றவரோ தொண்டை கிழியக் கத்துவார். இவருள் எவரும் தீயவரல்லர். தம் ஒலி தம் செவிக்கு எட்டவில்லை என்பதே அவரவர் குறை. ஆகவே, ஒலியளவைத் தீர்மானிக்கும் பொறுப்பை, வாசிக்காமல் கூட்டத்தின் பின்வரிசையில் நிற்கும் ஒருவரிடம் விட்டுவிடுக. அவர் கைகாட்டினால் குறைத்தே ஆகவேண்டும்.

குழுச் சண்டை பெரும்பாலும் பாட்டினால் மூள்வதன்று. ஒலிபெருக்கிப் பெட்டியைத் தூக்குவது யார் என்பதனால் மூள்வது. கோசாம்பியில் சங்கமே இரண்டுபட்டது, கழுவறைப் பாத்திரத்தில் மிச்சம் விட்ட நீரால் என்பர் உரைகாரர். அநுருத்தர், நந்தியர், கிம்பிலர் ஆகிய மூவர் வாழ்ந்த முறையோ வேறு. பிச்சையேற்று முதலில் திரும்பியவர் இருக்கை விரித்து நீர் வைப்பார். கடைசியில் வந்தவர் இடத்தைப் பெருக்குவார். வெறுங்குடம் கண்டவர் நிரப்புவார். தனியே தூக்க இயலாதெனில் கையசைத்து மற்றவரை அழைப்பாரேயன்றி வாய் திறவார். ஐந்து நாளுக்கொருமுறை இரவு முழுதும் அமர்ந்து தம்மம் பேசுவர். மேடையில் பிழை செய்தவரை அங்கேயே முறைப்பதை விடுத்து, அடுத்த ஒத்திகையில் அமைதியாய்ப் பேசுவதும் இம்முறையைச் சார்ந்ததே.

குடித்துவிட்டு வருபவரைப் பொறுத்துக்கொள்வது மைத்திரி என எண்ணற்க. அன்று அவரை மேடையேற்ற வேண்டா. தாளம் சற்று மெலிந்தாலும் குடி முழுகிவிடாது. மறுநாள் காலை ரயிலில் அவரைக் கண்டால் அருகே இடம் கொடுத்து நலம் விசாரிக்க.

வண்டி வாடகை போக எஞ்சிய பணத்தை அனைவர் முன்னும் எண்ணிச் சமமாகப் பங்கிடுக. விலக விரும்புவோரைப் பழிச்சொல் கூறி நிறுத்த வேண்டா. அவர் பங்கைக் கொடுத்து, அவர் காசில் வாங்கிய மைக் இருந்தால் அதனையும் அன்றே ஒப்படைத்துவிடுக.