உத்தியோகம் துறந்து இல்லம் பேணுதல்

நாஞ்சில் நாடு கல்வியிற் சிறந்ததென்பது யாவரும் அறிந்ததே. 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி கன்னியாகுமரி மாவட்டத்தில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 91.75 பேராவர், தமிழ்நாட்டு மாவட்டங்களுள் இதுவே அவ்வாண்டில் முதலிடம் பெற்றது. கற்றோர் மிகுந்த இந்நாட்டில் ஆசிரியராகவும் செவிலியராகவும் எழுத்தராகவும் பணிபுரியும் இருபாலாருட் சிலர், பெற்றோர் நோயுற்றமையாலோ குழந்தையைப் பேணவேண்டியோ உத்தியோகத்தைத் துறந்து இல்லம் திரும்புகின்றனர். அன்பினால் மனமுவந்து செய்த செயலேயாயினும், சில திங்களுக்குள் அவர் உள்ளத்தில் ஒருவகைச் சோர்வு புகுகின்றது. அதன் காரணத்தையும், அது நீங்கும் வழியையும் ஆராய்வதே இவ்வியாசத்தின் நோக்கமாம்.

தொழில் மனிதனுக்குக் கூலியை மாத்திரமா தருகின்றது? ஆஸ்திரிய தேசத்து மரியெந்தால் என்னும் சிற்றூரில், ஊரார்க்கெல்லாம் பிழைப்பளித்த நெசவாலை மூடப்பட்டது. அவ்வூர் மக்களின் நிலையை மேரி யாஹோடா என்னும் அம்மையாரும் அவர்தம் துணைவரும் ஆராய்ந்து 1933-இல் ஒரு நூல் வெளியிட்டனர். ஆடவர் கையில் பொழுது மிகுந்திருந்தும், அதனைப் பயன்கொள்ளும் வகையறியாது தெருவில் நின்று காலங்கழித்தனர். பெண்டிர்க்கோ விடியல் முதல் இரவு வரை வீட்டுவேலை குறைவற இருந்தது. அங்ஙனமிருந்தும் அவருட் பலர் ஆலைக்குத் திரும்பவே விரும்பினர். அவ்விருப்பம் பணம் ஒன்றனையே கருதியதன்று. ஒழுங்குபட்ட பொழுது, பலரோடு கூடிய உறவு, பொதுநோக்கம், தனக்கென ஒரு மதிப்பு, இடையறாத செயல் என்னும் ஐந்தனையும் தொழில் தருகின்றதென அவ்வம்மையார் பிற்காலத்தில் வகுத்துரைத்தார்.

இவ்வைந்தனுள், இல்லத்துப் பணி செயலை நிரம்பத் தருகின்றது, நோக்கத்தையும் தருகின்றது. உறவும் மதிப்புமே பெரிதும் குறைகின்றன. ஆதலின் இல்லம் திரும்பினாரது சோர்வை அன்பின் குறைவென்று எண்ணுதல் தவறாகும்.

மதிப்புக் குறைதற்கு உலகத்தார் கணக்கிடும் முறையும் ஒரு காரணமாம். ஒருவன் கூலிக்கு அமர்த்திய வீட்டுப் பணிப்பெண்ணையே மணந்துகொள்வானாயின், அவள் வேலை முன்போலவே நடப்பினும் தேச வருமானம் குறைந்ததாகவே கணக்கிடப்படும் என்று பொருளாதார அறிஞர் பிகூ 1920-இல் எடுத்துக்காட்டினார். இந்தியாவில் 2019-இல் நிகழ்ந்த அரசாங்கக் கணக்கெடுப்பில், கூலியில்லா வீட்டுவேலை செய்வோருள் பெண்டிர் நாளொன்றுக்கு 299 நிமிஷங்களும், ஆடவர் 97 நிமிஷங்களும் அதிற் செலவிடுவதாகத் தெரியவந்தது. ஐந்து மணி நேர உழைப்பைச் செய்தவளை நோக்கி, "வீட்டில் சும்மா இருக்கிறாள்" என்பது எத்துணைக் கொடுமை!

இனி, வழிகளை நோக்குவோம். முதலாவது, உத்தியோகத்தை அறவே விடுமுன் விடுமுறைக்கு இடமுண்டோவென விசாரித்தல் வேண்டும். மத்திய அரசுப் பணியிலுள்ள மகளிர், பதினெட்டு வயதிற்குட்பட்ட மக்களைப் பேணுதற்குப் பணிக்காலம் முழுவதிலும் 730 நாள் விடுமுறை பெறலாமென்னும் விதி 2008-இல் ஏற்பட்டது. முதிய பெற்றோரைப் பேணுவார்க்கு இவ்விதி உதவாது.

இரண்டாவது, மருந்துக்கும் கஞ்சிக்கும் இடையே ஒரு மணி நேரத்தையேனும் தமக்கென வரையறுத்துக்கொள்ளல் வேண்டும். மீந்த பொழுதைத் தமக்கென வைப்போமென்பார்க்கு ஒருநாளும் பொழுது மீவதில்லை.

மூன்றாவது, அப்பொழுதிற் பழைய தோழரோடு அளவளாவுதலும், கற்ற வித்தையை அயலார் பிள்ளைகட்குச் சொல்லிக்கொடுத்தலும், இயன்றதோர் கைத்தொழில் செய்தலும் நன்று. மார்த்தா மால்ட் அம்மையார் 1821-இல் நாகர்கோவிலில் தொடங்கிய லேஸ் பின்னல், இந்நாட்டுப் பெண்டிர் தம் கையாற் பொருளீட்ட வழிசெய்தது. தானே ஈட்டிய சிறுபொருளும் ஒருவர்க்குத் தலைநிமிர்வைத் தரும்.

நான்காவது வழி வீட்டிலுள்ள ஏனையோர் கையிலிருக்கின்றது. இரவில் நோயாளியின் அருகே விழித்திருத்தல், மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுதல், துணி துவைத்தல் ஆகியவற்றை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளல் வேண்டும். வெளியூரிலிருந்து பணம் அனுப்பும் உடன்பிறந்தார், பணத்தோடு தம் கடமை தீர்ந்ததென்று எண்ணலாகாது. ஆண்டில் சில நாளேனும் வந்திருந்து, பேணுவார்க்கு ஓய்வளித்தலும் அவர் கடனேயாம்.

மாணவ நண்பர்களே! உங்கள் இல்லத்தில் தாயோ தமக்கையோ தமையனோ இங்ஙனம் உத்தியோகம் துறந்து வந்திருத்தல் கூடும். கல்லூரி விட்டு வீடு சேர்ந்ததும் ஒரு நாழிகை அவர் வேலையை நீங்கள் ஏற்று, அவரை வெளியே உலவிவர அனுப்புங்கள். எவரேனும் அவர் செய்யும் பணி யாதென வினவினால், குடும்பத்தைத் தாங்கும் பணி செய்கின்றார் என்று தயங்காது விடையிறுங்கள்.