மீன் மார்க்கெட்டில் விட்டால் பிழைத்துக்கொள்ளுமா?

"நம்ம பிளாட் பூனைங்களை எல்லாம் பிடிச்சு மீன் மார்க்கெட்ல விட்டாச்சு டாக்டர். அங்கே ராஜா மாதிரி தின்னுக்கிட்டுத் திரியும்." குடியிருப்புச் சங்கத்தார் வாயால் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போன வசனம் இது. சாக்கில் கட்டி, ஆட்டோவில் ஏற்றி, ராத்திரியோடு ராத்திரியாக இறக்கிவிட்டு வருவதற்குப் புண்ணியக் கணக்கு வேறு!

அந்த ராஜபோகத்தைக் கொஞ்சம் பார்ப்போம். மீன் மார்க்கெட்டில் ஏற்கெனவே பூனைகள் உண்டு. கடுவன்கள் மூத்திரம் பீய்ச்சி ஆளுக்கோர் எல்லை வகுத்து வைத்திருக்கும். புதிதாக வந்தது கடி வாங்கித்தான் ஒதுங்கவேண்டும். பூனைக்கடி வெளியே ஊசி குத்தியதுபோல்தான் தெரியும். உள்ளே சீழ் கோக்கும். கன்னம் வீங்கி, கட்டி உடைந்து, வாய் திறக்க முடியாமல் வரும் பூனைக்கு முன்னால் எத்தனை மீன் கொட்டினால் என்ன?

பிடித்துப்போனது தாய்ப்பூனை என்றால் கதை இன்னும் மோசம். குட்டிகள் மீட்டர் பெட்டிக்குப் பின்னாலோ மொட்டைமாடித் தொட்டிக்கு அடியிலோ கிடக்கும். பிறந்து முதல் மூன்று நான்கு வாரத்துக்குப் பால்தான் உணவு. கத்தும், ஓயும், பிறகு நாற்றம் வரும். "எங்கிருந்தோ வாடை வருது டாக்டர்" என்று அப்புறம் எனக்கே போன்! 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி, பசியிலும் தாகத்திலும் வாடும்படி விலங்கைக் கைவிடுவது குற்றம் என்பதாவது சங்கத்துக்குத் தெரியுமா?

இரக்கம் வேண்டாம், கணக்குக்காவது வாருங்கள். பூனை போனாலும் மூடாத குப்பைத்தொட்டியும் எலியும் அங்கேயேதான் இருக்கின்றன. காலியான இடத்துக்கு அடுத்த தெருப் பூனை வந்து சேரும். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாக் காடுகளில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். திரியும் பூனைகளைப் பொறிவைத்துப் பிடித்துக் கொன்றார்கள். அப்படியும் எண்ணிக்கை ஓரிடத்தில் 75 சதவீதம், இன்னோரிடத்தில் 211 சதவீதம் கூடியது. கொன்றே குறையாததா உங்கள் சாக்கில் குறையப் போகிறது? வந்து சேரும் பெட்டை ஐந்தாறு மாதத்திலேயே பருவத்துக்கு வரும். சினைக்காலம் ஒன்பது வாரம். குட்டிக்குப் பால் கொடுக்கும்போதே மறுபடி சினையாகும்.

தீர்வு ஒன்றுதான்: பிடி, கருத்தடை செய், தடுப்பூசி போடு, பிடித்த இடத்திலேயே விடு. தினமும் ஒரே நேரத்தில் சோறு வைத்தால் பூனை அந்த நேரத்துக்குப் பழகும். பிடிப்பதற்கு முதல் நாள் பட்டினி போட்டு, கூண்டுக் கடைசியில் மத்தி மீனை வையுங்கள். கதவு விழுந்த கையோடு கனத்த துணியால் மூடினால் இருட்டில் அடங்கிவிடும். மயக்கத்தில் இருக்கும்போதே காது நுனியைக் கொஞ்சம் நேராக வெட்டிவிடுவோம். மறுபடி அதையே பிடிக்காமல் இருக்க அதுதான் அடையாளம். பாதிப் பூனையோடு நிறுத்தினால் பணம் தண்டம். பத்தில் ஏழுக்கு மேல், ஒரே மூச்சில் முடிக்கவேண்டும். ஃபுளோரிடாவில் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் இப்படிச் செய்து, பழகியவற்றைத் தத்தும் கொடுத்தார்கள். 1996-இல் 68 ஆக இருந்த பூனைகள் 2002-இல் 23 ஆயின.

மற்றவற்றைச் சட்டென்று முடிக்கிறேன்.

நம்பிக்கை: ஒருமுறையாவது குட்டி போட்டபிறகுதான் கருத்தடை செய்யவேண்டும்.
உண்மை: மருத்துவத்தில் அப்படி எந்த விதியும் இல்லை. ஆறு மாதத்துக்குள் செய்தால் மடிப் புற்றுநோய் அபாயம் சுமார் 90 சதவீதம் குறைகிறது.

நம்பிக்கை: பாலில் கருத்தடை மாத்திரை கலந்தால் போதும்.
உண்மை: கர்ப்பப்பையில் சீழ், மடியில் கட்டி என்று வந்து, கடைசியில் அதே அறுவை மேசைக்குத்தான் வரும்.

நம்பிக்கை: அறுவை செய்த பூனை எலி பிடிக்காது.
உண்மை: வேட்டைக்கும் கருப்பைக்கும் சம்பந்தமில்லை.

கடைசியாக, யாரும் பேசாத ஒன்று: வீட்டுப் பூனை. 1991-இல் இத்தாலி சட்டமே போட்டுத் தெருப் பூனைகளுக்குப் பாதுகாப்புக் கொடுத்தது. ரோம் நகரில் பத்தாண்டில் ஏறக்குறைய 8,000 பூனைகளுக்குக் கருத்தடை செய்தார்கள். கைவிடப்பட்டும் தானாகவும் புதிதாக வந்து சேர்ந்தவை மட்டும் 21 சதவீதம். வளர்ப்பவர்களைத் திருத்தாமல் இந்த உழைப்பால் பயனில்லை என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். நம் ஊரிலும் ஆசையாய் பெர்சியன் பூனை வாங்கி, வீடு மாறும்போது வாசலில் விட்டுப்போகிறவர்கள் குறைவா?

சங்கத்தாரே, ஆட்டோவுக்குக் கொடுக்கும் காசில் கூண்டு வாங்குங்கள். பூனை வளர்ப்பவர்களே, முதல் அறுவை உங்கள் சோபாவில் படுத்திருக்கும் பூனைக்கு.